கொழும்பு வெள்ளை மலைக்கு ஆகாது

மலையகத்தில் இப்போது புதிதாக வீடு கட்டுகிறவர்களில் நிறையப் பேர் ஒரே மாதிரி நிறத்தைத்தான் கேட்கிறார்கள். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு வெளிர் நிறம். ஹாட்வெயார் கடையில் கலர் கார்டை விரித்தால் முத்து, மணல், பாதாம், முட்டை ஓடு என்று அதற்கே ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். வீட்டுக்காரர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். பெரிய கண்ணாடி ஜன்னல், தரையில் விழுந்த வெயில், ஒரு சோபா, மூலையில் ஒரு செடிச் சட்டி. "இதே மாதிரி வரணும் பாஸ்" என்பார். பெயின்ட் அடிக்கிற பாஸும் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். படத்தில் இருந்த வெயிலை மட்டும் யாரும் வாங்கி வர முடியாது. ஜூன் மாதத்து மழையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும்போதுதான், அந்த நிறத்தில் பாதி படத்திலிருந்த வெயிலுடையது என்று தெரியவரும்.

எனக்கு அந்த நிறத்தின் மேல் ஒரு வருத்தமும் இல்லை. கொட்டகலையில் எங்கள் வீட்டுச் சுவரும் அந்தக் குடும்பம்தான். ஆனால் "எதுக்கும் வம்பில்லாம லைட்டா ஒரு கலர் அடிச்சிருவோம்" என்று சொல்லிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மயில் நீலம் எந்த வெளிச்சத்திலும் நீலமாகவே இருக்கும். வெளிர் நிறத்துக்குச் சொந்தச் சரக்கு ரொம்பக் கொஞ்சம். ஜன்னலில் வருகிற வெளிச்சம், எதிரே நிற்கிற மலை, கீழே கிடக்கிற தரை, மேலே தொங்குகிற பல்ப் எல்லாவற்றிடமும் கடன் வாங்கித்தான் அது ஒரு நிறமாக நிற்கிறது. வம்பு அதிகம் உள்ள நிறம் அதுதான்.

கொழும்பில் வெள்ளைச் சுவர் அழகாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) கொழும்பிலும் பெந்தோட்டைப் பக்கத்து லுணுகங்கையிலும் தனக்கென்று அமைத்துக்கொண்ட வீடுகளைப் பாருங்கள். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே ஆழமான நிழல். வெள்ளைச் சுவர் அந்த ஒளியை ஏந்தி நிழலுக்குள் கொண்டுபோகிறது. எங்களிடம் கொண்டுபோவதற்கு ஒளியே இல்லாத மாதங்கள் இருக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் வந்து மோதும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் மேகத்துக்குள் கிடக்கும். மேகத்தின் வழியாக வடிந்து வருகிற வெளிச்சம் வெயிலைவிட நீலம் கலந்தது. அந்த வெளிச்சத்தில் தூய வெள்ளையை வைத்தால் அது வெள்ளையாக நிற்காது, நீலச் சாம்பலாகிவிடும். ஏற்கெனவே சாம்பல் கலந்த வெளிர் நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் தங்கை பண்டாரவளையில் இருக்கிறாள். கொட்டகலையும் பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே உயரம், இரண்டும் 4,000 அடியை ஒட்டியவை. ஆனால் பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் மழை பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பிறகு, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஜூலை, ஆகஸ்டில் நாங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது அவர்களுக்குக் காய்ந்த காற்றும் வெயிலும். எங்கள் வீட்டு நிறம் பிடித்துப்போய், கடைச் சீட்டில் இருந்த அதே எண்ணைக் கொடுத்து அவளும் அடித்தாள். ஒரு நாள் பின்னேரம் கோல் எடுத்து, "அக்கா, நாலு மணிக்கு மேல எங்க ஹோலு முழுக்க மஞ்சளா அடிக்குது, ஒங்க வீட்டுல இப்பிடி இல்லையே!" என்றாள். அவளுடைய ஹோல் மேற்கு பார்த்தது. எங்களுக்கு நாலு மணி என்றால் பனி ஏறி லைட் போடுகிற நேரம். கடைக்காரர் மேலும் பெயின்ட் மேலும் ஒரு குற்றமும் இல்லை. (அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் சுவர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கைபேசி கெமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்குச் சரிசெய்துகொள்ளும். சுவர் நிறத்தைப் படத்தில் பார்த்து முடிவெடுக்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும்.)

இணையத்தில் தேடினால் திசையைப் பற்றி ஏராளமான அறிவுரை கிடைக்கும். வடக்குப் பார்த்த அறை குளிர்ந்த வெளிச்சம், தெற்குப் பார்த்த அறை சூடான வெளிச்சம், அதற்கேற்ற நிறம் போடு என்று. லண்டனில் அது சரி. 51 பாகை வடக்கில் இருக்கிற ஊரில் மத்தியான சூரியன் வருடம் முழுவதும் தெற்கே நிற்கும். நாங்கள் இருப்பது சுமார் 7 பாகையில். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 14 வரையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. அதற்குப் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை மத்தியான சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. அப்படி உச்சியில் நிற்கிற வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வருவதும் அரிது. இங்கே கணக்குப் பார்க்க வேண்டியது கிழக்கு, மேற்கு, பருவக்காற்று எந்தப் பக்கம், ஜன்னலுக்கு எதிரே என்ன நிற்கிறது, இவ்வளவும்தான்.

எதிரே பெரும்பாலும் தேயிலைதான். சரிவில் மண்ணை வெட்டிக் கட்டின வீட்டில் ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது, அடுத்த மலை தெரியும். வெளிச்சம் அந்தப் பச்சையில் பட்டுத்தான் உள்ளே வருகிறது. சாம்பல் சார்ந்த வெளிர் நிறம் அங்கே பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை காட்டும். சிவப்பு, மஞ்சள் சாயல் கொஞ்சம் கலந்தது தாங்கும். சில வருடங்களுக்கு ஒரு முறை எதிர் மலையில் கவ்வாத்து வெட்டும்போது கவனித்துப் பாருங்கள். பச்சை போய் வெறும் குச்சியும் மண்ணும் ஆனதும் முன் ரூம் சுவரின் நிறமும் ஒரு பிடி மாறியிருக்கும். செடி துளிர்த்து மூடுகிற வரை அப்படித்தான்.

சாயல் என்று சொல்வது எங்கிருந்து வருகிறது என்பதைக் கடையில் நிறம் கலக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். அடிப்படை வெள்ளை டைட்டேனியம் டைஒக்சைட். (அதற்கான இல்மனைட் மணல் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையில் கிடக்கிறது. நாம் மணலாக ஏற்றுமதி செய்கிறோம்.) அந்த வெள்ளை டின்னுக்குள் மெஷின் சொட்டுச் சொட்டாக விடும். வெளிர் நிறங்களுக்குப் பெரும்பாலும் கறுப்பு, மஞ்சள் ஒக்சைட், சிவப்பு ஒக்சைட் இந்த மூன்றின் கூட்டல் கழித்தல்தான். கறுப்பு கூடினால் சாம்பல் பக்கம், மஞ்சள் கூடினால் கிறீம் பக்கம், சிவப்பு ஒரு சொட்டு ஏறினால் பனி நாளிலும் சுவர் செத்துப்போகாது. கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு நிறத்தின் வேறுபாடு சில சொட்டுகள்தான். கார்டில் அது தெரியாது. கார்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் மறைந்திருக்கிற சாயல் உடனே வெளியே வரும். அதே வரிசையின் அடியில் உள்ள அடர்ந்த நிறத்தையும் பாருங்கள். அது பச்சை என்றால் மேலே உள்ள வெளிறலுக்குள்ளும் பச்சைதான் ஒளிந்திருக்கிறது.

எங்கள் அம்மாவுக்கு இந்தச் சாயல் கதை எதுவும் பிடிக்கவில்லை. முன் ரூம் காய்ந்த அன்றைக்கு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கா இவ்ளோ சல்லி குடுத்த? லயத்துல இத சும்மாவே அடிச்சுக் குடுத்தானுங்களே!" என்றார். வீடே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. லயம் என்பது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, ஒரு கதவு, ஜன்னல் இருந்தால் ஒன்று. சுவருக்கு என்ன நிறம் என்று எங்கள் ஆட்களை யாரும் கேட்டதில்லை. தோட்டம் வெள்ளையடித்தால் வெள்ளை. எங்கள் லயத்தில் வெளியே அடிப்பக்கம் சேறு தெறிக்கிற உயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. உள்ளே அடுப்புப் புகை அந்த வெள்ளையை எத்தனை நாளைக்கு விட்டுவைக்கும்? அதனால் சொந்தமாக ஒரு சுவர் கிடைத்ததும் ரோஸ், கிளிப்பச்சை, ஊதா என்று அடித்தார்கள். ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடியும் கொண்ட தனி வீடு கையில் வந்தவர்கள் முதலில் பார்த்தது நிறத்தைத்தான். டவுனிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பதை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அது சரியான காரியமாகவே படுகிறது. பனியில் எல்லா நிறமும் ஒரு படி இறங்கும், வெயிலில் கத்துகிற ரோஸ் எங்கள் ஊரில் பேசுகிற குரலில் இருக்கும். அதோடு வெள்ளை என்றால் இந்த நாட்டில் சாவு வீட்டுக் கொடியின் நிறமும்கூட. தெருவெல்லாம் வெள்ளைக் கொடி கட்டிப் பார்த்த கண்ணுக்கு வெள்ளைச் சுவர் உடனே நிம்மதியைத் தராது.

ஆனால் அந்தக் காலத்துச் சுண்ணாம்பைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனமில்லை. சுண்ணாம்போடு கொஞ்சம் நீலம் கலப்பார்கள், துணிக்குப் போடுகிற அதே நீலம். சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். சுண்ணாம்பில் இயல்பாக இருக்கிற மங்கல் மஞ்சளை நீலம் வெட்டிவிடும், கண்ணுக்குச் சுவர் வெள்ளையாகத் தோன்றும். சாயலைச் சரிசெய்யும் வேலையை மெஷின் இல்லாமலே செய்திருக்கிறார்கள். இரவில் குப்பி லாம்பின் செம்மஞ்சள் வெளிச்சத்துக்கும் அந்த நீல வெள்ளை பொருந்தியது. ஒன்றின் மிகுதியை மற்றது குறைத்தது. கரண்ட் வந்து, டேலைட் பல்ப் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. பெட்டியில் 6,500 கெல்வின் என்று போட்டிருக்கிற அந்த பல்பின் வெளிச்சமே நீலம் சார்ந்தது. நீல வெள்ளையின் மேல் அது விழுந்தால் காம்பரா ஆஸ்பத்திரி வார்ட் ஆகிவிடும். இன்றைக்கும் வெளிர் நிறம் அடித்துவிட்டு "குளிருது" என்கிறவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது பல்ப் பெட்டியைத்தான். மஞ்சள் சார்ந்த 2,700 அல்லது 3,000 கெல்வின் பல்ப் ஒன்றை மாற்றினால் போதும், சில வேளை சுவரையே தொட வேண்டியிருக்காது. மின்சாரச் செலவும் கூடிவிடாது.

சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகுகிறது. சுவரின் ஈரத்தை அடைத்து வைக்காது. அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வராது. எமல்ஷன் பெயின்டுக்கு இந்தக் குணங்கள் கிடையாது. மலையில் வெளிர் நிறத்தின் உண்மையான எதிரி ஈரம்தான். ரோஸ் சுவரில் ஆறு மாதம் கழித்துக் கண்ணில் படுகிற கறுப்புப் புள்ளி, கிறீம் சுவரில் மறுநாளே தெரியும்.

ஈரம் மூன்று வழியில் வருகிறது, மூன்றுக்கும் மருந்து வேறு. வீட்டின் பின் சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கிறது என்றால் மேட்டுத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். இதற்கு எந்தப் பெயின்டும் மருந்தல்ல, பின்னால் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். இரண்டாவது, தரையிலிருந்து ஏறுவது. அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்து, பெயின்ட் தோல் உரியும். மூன்றாவதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. ராத்திரிக் குளிரில் சுவரும் கூரைத் தகரமும் குளிர்ந்து கிடக்க, உள்ளே மூச்சு, கேத்தல் ஆவி, காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து வியர்த்து வழியும். எந்த ஈரம் என்று தெரிய ஓர் அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளே. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறக்க வேண்டும், அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும்.

புதுப் பூச்சுச் சுவர் இன்னொரு தலைவலி. சிமெந்துப் பூச்சு ஆரம்பத்தில் கடுங்காரம். குறைந்தது 28 நாள் காய விடுங்கள் என்பார்கள், மழைக்காலத்தில் அது போதவே போதாது. அவசரத்தில் அடித்தால் காரம் நிறத்தைத் தின்று திட்டுத் திட்டாக்கும். அடர் நிறத்திலும் அது நடக்கும். ஆனால் நாலைந்து சொட்டுச் சாயத்தை மட்டும் நம்பி நிற்கிற வெளிர் நிறத்தில் போகிற ஒரு சொட்டே பெரிய நட்டம். காரத்தைத் தாங்கும் பிறைமர் ஒரு கோட் கட்டாயம். பழைய சுவரில் பூஞ்சணம் இருந்தால் காய்ந்தபடி சுரண்டக் கூடாது, வித்து வீடெல்லாம் பறக்கும். ப்ளீச் கலந்த தண்ணீரால் நனைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு அடிக்க வேண்டும். ப்ளீச்சோடு வேறு கழுவும் மருந்து எதையும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

விறகு அடுப்பு எரிகிற குசினிக்கு வெளிர் நிறம் வேண்டாம் என்பதே என் கட்சி. புகையின் தார் படிந்த சுவரில் எமல்ஷன் அடித்தால் பழுப்பு மறுபடி மேலே கசிந்து வரும். அங்கே காவி, செங்கல் நிறம் ஏதாவது போட்டுவிட்டு நிம்மதியாகச் சமைக்கலாம். முன் ரூமிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கீழே மூன்றடிக்கு ஒரு படி அடர்ந்த, கழுவக்கூடிய பட்டை, அதற்கு மேலே வெளிர் நிறம். பழைய காலத்து ஏற்பாடு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எவ்வளவு வெளிறலாம்? பெயின்ட் கம்பனிகள் சில கார்டின் பின்னால் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போடுகின்றன. விழுகிற வெளிச்சத்தில் எத்தனை வீதத்தைச் சுவர் திருப்பித் தருகிறது என்பது அது. கறுப்பு 0, முழு வெள்ளை 100. ஒற்றை ஜன்னல் காம்பராவுக்கு 70க்கும் 80க்கும் நடுவில் மஞ்சளோ சிவப்போ சார்ந்த ஒன்று என் தேர்வு. 85க்கு மேலே போனால் மழை நாளில் குளிரும், 60க்குக் கீழே போனால் பகலிலும் லைட் போட வேண்டும். தரையையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்புப் பொலிஷ் போட்ட சிமெந்துத் தரை தன் சிவப்பைச் சுவரின் கீழ்ப்பாதிக்குக் கொடுக்கும், கிறீம் அங்கே பீச் பழ நிறமாகத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கொஞ்சம் குளிர்ந்த கிறீம்கூட ஒத்துவரும். வெள்ளை டைல் தரைக்கு அந்த உதவி கிடையாது.

சுவரில் தீற்றிப் பார்ப்பதைவிட பிரிஸ்டல் போட் வாங்கி அதில் இரண்டு கோட் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் புத்தகக் கடையில் வாங்குகிற அதேதான். அதை ஜன்னலுக்குப் பக்கத்தில், எதிர்ச் சுவரில், மூலையில் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். காலையிலும், பனி இறங்கினதும், பல்ப் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். நாலு சுவரும் ஒன்றன் நிறத்தை ஒன்றின் மேல் எறிவதால், முழு அறைக்கு அடித்த பிறகு போட்டில் கண்ட சாயல் இன்னும் தூக்கித் தெரியும். அதனால் மனதுக்குப் பிடித்ததை விட ஒரு படி குறைந்ததை எடுப்பது நல்லது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு இரண்டு கோட்டுக்கு ஆறு லீட்டர் மட்டில் போகும். நாலு லீட்டர் டின் இரண்டாக வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டே தொடங்கச் சொல்லுங்கள். டின்னுக்கு டின் சிறு வித்தியாசம் இருந்தால் வெளிர் நிறம் அதை மூலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது அடிப்பது என்பதுதான் மிச்சம். எமல்ஷன் காற்றில் ஈரம் குறைந்தபோதுதான் சரியாக இறுகும். எங்கள் மேற்குச் சரிவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், ஊவாவுக்கு ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை. ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பக்கத்துக்கும் ஆகாது, பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்த மழை நாடு முழுக்கக் கொட்டும். ஆனால் எங்கள் பாஸுக்கு வருடத்தில் அதிக வேலை வருவது அந்த மாதங்களில்தான்.

"தீவாளிக்கு அடிக்காதீங்க, சித்திரைக்கு முன்ன அடிங்கன்னு நானுந்தான் சொல்றேங்க. யாரு கேக்குறா? தோட்டத்துல முற்பணம் தீவாளிக்குத்தானே குடுக்குறான். அப்ப கையில இருக்குற சல்லி மாசியில இருக்குமா?"

அதற்கு ஒரு வழி இருக்கிறது. தீபாவளிச் சல்லியில் டின்னை வாங்குங்கள், திறக்காதீர்கள். மூடி திறக்காத எமல்ஷன் நிழலில் மூன்று நாலு மாதம் கெடாமல் இருக்கும். பெப்ரவரியில் பாஸைக் கூப்பிட்டு, அடியில் தங்கினதை நன்றாகக் கலக்கி அடிக்கச் சொல்லலாம். அவருக்கும் அப்போது வேலை குறைவு.